பெங்களூரு மேகத்தடியில் புது டெலஸ்கோப்: படம் எங்கே கெடுகிறது?

புது டெலஸ்கோப்பில் எடுத்த முதல் நெபுலா படம் சொதப்பியதும், பலர் மறுநாள் காலையில் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறார்கள். பெங்களூரில் அது பெரும்பாலும் வேண்டாத வேலை. ஜூனில் தொடங்கி நவம்பர் வரை ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பருவமழை. மீதி மாதங்களில் பனி. ஊர் இருப்பதோ 13 டிகிரி அட்சரேகையில். ஆகவே முதல் சந்தேகம் தண்ணீர்மேல், இரண்டாவது அட்சரேகைமேல். லென்ஸையும் கண்ணாடியையும் கடைசியில் சந்தேகப்பட்டால் போதும்.

70–80 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்ஸ் டெலஸ்கோப்) அல்லது 130 மி.மீ. நியூட்டோனியன் (கண்ணாடி டெலஸ்கோப்), கோட்டோ (சொன்ன பொருளைத் தானே தேடிப் போகும் வசதி) உள்ள, வானத்தோடு சேர்ந்து சுழலும் ஈக்வடோரியல் மவுண்ட், ஒரு விண்மீனைப் பார்த்துக்கொண்டே மவுண்டைத் திருத்த உதவும் சின்ன கைடு ஸ்கோப், டிஎஸ்எல்ஆர் அல்லது குளிரூட்டும் கேமரா: இந்த அளவு சாமான் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதியது இது. உங்கள் படத்தில் தெரியும் அறிகுறியைத் தேடி அங்கே போகலாம்.

அறிகுறி: முதல் அரை மணி நேரம் கூர்மை, பிறகு மெல்ல மெல்ல மங்கல், திரும்பத் தெளிவதே இல்லை

லென்ஸில் பனி படிந்துவிட்டது. பிரகாசமான விண்மீனைச் சுற்றி ஒளிவட்டம் பெரிதாகிக்கொண்டே போகும், சின்ன விண்மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். டார்ச்சை லென்ஸுக்குப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள்; நேராக அடித்தால் பனி கண்ணுக்குத் தெரியாது.

திறந்த வானத்தைப் பார்த்திருக்கும் எந்தப் பொருளும் தன் வெப்பத்தை மேலே இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடும். வெட்டவெளியில் நிறுத்திய ஸ்கூட்டர் சீட் காலையில் நனைந்திருக்க, மரத்தடியில் நிறுத்தியது காய்ந்திருப்பது இதனால்தான். காற்று 20 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 17 டிகிரி. இடைவெளி மூன்றே டிகிரி. லென்ஸ் அதைச் சீக்கிரமே தாண்டிவிடும். மழைக்காலத்தில் மட்டும்தான் இந்தத் தொல்லை என்று எண்ண வேண்டாம். ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பார்கள். வானம் நன்றாகத் தெளிந்திருக்கும் மாதங்களும் அவைதான்.

முதலில் நனைவது பெரும்பாலும் கைடு ஸ்கோப். அதன் முன்மூடி (லென்ஸுக்கு முன்னால் நீளும் குழாய்) ஒரு விரல் நீளம்கூட இருக்காது. கைடிங் மென்பொருளான பிஎச்டி2 திரையில் கைடு விண்மீனின் எஸ்என்ஆர் எண் (இரைச்சலுக்கு மேல் விண்மீன் எவ்வளவு தெளிவு என்பது) 40, 30, 20 என்று படி இறங்குவது போலக் குறைந்தால், பெரிய டெலஸ்கோப்புக்கும் இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது என்று அர்த்தம். நியூட்டோனியனில் அடியில் உள்ள பெரிய கண்ணாடி குழாயின் ஆழத்தில் பாதுகாப்பாக இருக்கும். மேலே உள்ள சின்ன இரண்டாம் கண்ணாடிதான் நனையும்.

தடுக்க இரண்டு வழிகளையும் சேர்த்தே செய்ய வேண்டும். ஒன்று, முன்மூடி: லென்ஸ் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம். பள்ளிப்பிள்ளைகளின் கறுப்பு சார்ட் பேப்பர் ஈரத்தில் தொய்ந்துவிடும். யோகா மேட்டை வெட்டிச் சுற்றி வெல்க்ரோ ஒட்டினால் வருடக்கணக்கில் நிற்கும். இரண்டு, ஹீட்டர் பட்டை. வாங்கலாம்; எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் சாமான் வாங்கி நீங்களே செய்தும் கொள்ளலாம். 470 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் 20 எடுத்து, இரண்டு செப்புக் கம்பிகளுக்கு நடுவே ஏணிப்படி போல ஒன்றரை செ.மீ. இடைவெளியில் சால்டர் செய்யுங்கள். 12 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 0.3 வாட், மொத்தம் 6 வாட், அரை ஆம்பியர். நீளம் 30 செ.மீ. வரும், 80 மி.மீ. லென்ஸின் வெளிச்சுற்றுக்கு அது சரியாக இருக்கும். கைடு ஸ்கோப்புக்கு 10 ரெசிஸ்டர் போதும். ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடி, மேலே துணி டேப் சுற்றி, வயரில் 2 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று வையுங்கள். கட்ட வேண்டிய இடம் லென்ஸ் செல்லுக்குச் சற்றுப் பின்னால். முன்மூடிமேல் கட்டினால் மூடிதான் சூடாகும், லென்ஸ் ஆகாது.

ஹீட்டரைப் பனி படிந்த பிறகு அல்ல, மூடியைத் திறக்கும்போதே போடுங்கள். காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி அதிகமாக இருந்தால் போதும். 15 வாட் கொடுத்தால் குழாய்க்குள் வெந்நீர்ப் பானை வைத்தது மாதிரி காற்று அலையும், விண்மீன்கள் வீங்கும்.

ஏற்கெனவே படிந்துவிட்டதா? துணியால் துடைக்காதீர்கள், பனியோடு தூசியும் இருக்கிறது, கோட்டிங்கில் கீறல் விழும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஓர் அடி தள்ளி, ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். காய்ந்தபின் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஃபோகஸ் செய்யுங்கள். சூடு ஏறிய லென்ஸ் ஃபோகஸை நகர்த்தியிருக்கும்.

அறிகுறி: மங்கலாகிறது, தெளிகிறது, மறுபடி மங்கலாகிறது

இது மெல்லிய மேகம். கண்ணால் அண்ணாந்து பார்த்தால் வானம் வெறிச்சென்றுதான் தெரியும், கேமரா ஏமாறாது. நகரத்தில் இதைக் கண்டுபிடிப்பதில் ஒரு பொறி உண்டு. பின்புல வெளிச்சத்தை வைத்து மேகத்தைக் கணிக்கலாம் என்று நினைப்போம். பெங்களூருக்குள் மேகம் வந்தால் தெருவிளக்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிப் பின்புலத்தைக் கூட்டும். அதே மேகம் ஊர் வெளிச்சம் குறைந்த தேன்கனிக்கோட்டைக்கு அப்பாலோ ஜவ்வாது மலையிலோ வந்தால் வானத்தை மறைத்துப் பின்புலத்தைக் குறைக்கும். ஆகவே பின்புலத்தை நம்பாமல் விண்மீன் எண்ணிக்கையைப் பாருங்கள். அது இரண்டு இடத்திலும் குறையத்தான் செய்யும். படம் எடுக்கும் மென்பொருளான நினாவில் ஒவ்வொரு படத்துக்கும் அந்த எண் தானாக வரும்.

மேகம் விட்டு விட்டு வரும் இரவில் எக்ஸ்போஷரைக் குறைப்பதுதான் பெரிய மருந்து. 300 நொடிப் படத்தில் கடைசி 20 நொடி மேகம் வந்தால் 300 நொடியும் கழிவு. 30 நொடிப் படமாக இருந்தால் ஒன்றே ஒன்று போகும். குறைத்தால் இரைச்சல் கூடாதா என்றால், நகர வானத்தில் கூடாது. எஃப்/5 டெலஸ்கோப்பில் ஃபில்டர் இல்லாமல் 20–30 நொடியிலேயே வானத்தின் வெளிச்சம் கேமரா தானே சேர்க்கும் இரைச்சலை (ரீட் நாய்ஸ்) விழுங்கிவிடும். டிஎஸ்எல்ஆர் திரையில் ஹிஸ்டோகிராமின் (வெளிச்ச வரைபடத்தின்) முகடு இடது சுவரை விட்டுத் தெளிவாகப் பிரிந்து, கால் பங்குக்கு வந்தால் போதும். இரண்டு மணி நேரத்துக்கு 240 படம் சேரும். ஹார்ட் டிஸ்க்தான் கொஞ்சம் முனகும்.

பிறகு கழிக்கும் வேலை. படங்களைச் சேர்க்கும் மென்பொருளான சிரிலில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தியதும், எஃப்டபிள்யூஎச்எம் (விண்மீனின் அகலம்), விண்மீன் எண்ணிக்கை இரண்டின் வரைபடத்தையும் திறந்து, அகலம் மேலே எகிறிய படங்களையும் எண்ணிக்கை கீழே விழுந்த படங்களையும் தயங்காமல் நீக்குங்கள். 240-இல் 80 போனாலும் பரவாயில்லை. ‘எடுத்ததை ஏன் வீணாக்க வேண்டும்’ என்று மேகப் படங்களையும் சேர்த்தால், விண்மீன்களைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியது போல வரும். எந்த மென்பொருளாலும் அதைப் பிறகு எடுக்க முடியாது. தேவனஹள்ளிப் பக்கம் இறங்கும் விமானங்களின் கோடுகளுக்காகக் கவலைப்பட வேண்டாம். படம் நிறைய இருந்தால், மற்ற படங்களில் இல்லாததை ஒதுக்கும் சிக்மா கிளிப்பிங் அவற்றைத் துடைத்துவிடும்.

கைடிங் பக்கம் ஒரு திருத்தம். பிஎச்டி2-இல் விண்மீனின் பிரகாசம் மாறினால் அதை நிராகரிக்கும் ‘ஸ்டார் மாஸ்’ அமைப்பு ஒன்று உண்டு. மெல்லிய மேகம் வந்ததும் அது விண்மீனைத் தொலைத்துவிட்டதாகக் கூச்சல் போடும். அதை அணைத்துவிடுங்கள். கைடு எக்ஸ்போஷரை 2–3 நொடியாக வைத்து, மல்டி ஸ்டார் கைடிங்கைப் போடுங்கள்.

கிளம்புமுன் வானிலைத் துறை வெளியிடும் இன்சாட் அகச்சிவப்புப் படத்தைத் தொடர்ந்து நாலைந்து பார்த்து, மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். செயலியில் வரும் ‘மேகம் 30 சதவீதம்’ என்பதைவிட அது உதவும்.

அறிகுறி: படத்தின் நடுவில் மட்டும் ஒரு கறை, ஓரம் இறகு மாதிரி

குளிரூட்டும் கேமராவில் மட்டும் வரும். சென்சர் அறைக்குள் புகுந்த ஈரம் உறைந்திருக்கிறது. ஃப்ளாட் படம் (சீரான வெளிச்சத்தை எடுப்பது) எடுத்து அதைக் கொண்டு திருத்தினாலும் போகாது, ஏனென்றால் கறை வளர்ந்துகொண்டே இருக்கிறது. குளிரூட்டலை நிறுத்தி, வெளி வெப்பநிலைக்கு வரவிட்டு ஒரு படம் எடுங்கள். கறை மறைந்தால் நோய் உறுதி.

கேமராவோடு வரும் ஈரம் உறிஞ்சும் மாத்திரைகளை மாற்ற வேண்டும். அதற்குள் கேமராவை நகரத்தில் மைனஸ் 10 டிகிரிக்கு விரட்டுவதை நிறுத்துங்கள். இன்றைய சிமாஸ் சென்சர்களில் 0 டிகிரிக்கும் மைனஸ் 10-க்கும் உள்ள வித்தியாசம் பெங்களூரு வான வெளிச்சத்தில் மூழ்கிவிடும். 0 போதும், அதுவும் நிமிடத்துக்கு 2–3 டிகிரியாக இறக்குங்கள். கறை ஓரமில்லாமல் வெறும் புகை போல இருந்தால், ஈரம் வெளிக் கண்ணாடியில் படிந்திருக்கிறது. கேமராவின் ஆன்ட்டி டியூ ஹீட்டரைப் போட்டால் சரியாகும்.

அறிகுறி: ஃபோகஸே வரவில்லை

கண்ணால் பார்க்கும்போது வந்தது, கேமரா மாட்டினால் வரவில்லை. ரிஃப்ராக்டர் என்றால், டயகனலை (ஒளியை மடக்கிக் கண்ணுக்கு அனுப்பும் கண்ணாடி) கழற்றியதும் ஒளி அதற்குள் கடந்துவந்த தூரம் இல்லாமல் போகிறது. எக்ஸ்டென்ஷன் குழாய் போட்டு ஈடுகட்டுங்கள். நியூட்டோனியன் என்றால் நேர்மாறு. ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளியும் போதாது. தடிமன் குறைந்த டி-அடாப்டருக்கு (கேமராவை டெலஸ்கோப்பில் மாட்டும் வளையம்) மாறிப் பாருங்கள். அதிலும் வராவிட்டால் பெரிய கண்ணாடியை நீள போல்ட்டுகளால் மேலே ஏற்ற வேண்டியிருக்கும். பார்லோ லென்ஸ் போட்டால் ஃபோகஸ் வரும் என்று கடையில் சொல்வார்கள். வரும்தான், எஃப்/5 எஃப்/10 ஆகி, நான்கு மடங்கு எக்ஸ்போஷர் கேட்கும். கேலக்ஸி படத்துக்கு அது உதவாது.

இதையெல்லாம் பகலிலேயே முடித்துவிடுங்கள். ஒன்றிரண்டு கி.மீ. தள்ளியுள்ள செல்போன் கோபுரத்தில் ஃபோகஸ் வைத்து (சூரியன் இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம்), ஃபோகஸர் குழாயில் பென்சில் கோடு போட்டுக்கொண்டால், இரவில் அதிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளினால் விண்மீன் கிடைக்கும். பாடினோவ் மாஸ்க் (விண்மீனைக் கோடுகளாகக் காட்டும் பிளவுத் தகடு) வைத்து நடுக்கோடு சரியாக மையத்தில் விழும்வரை திருப்புங்கள். மெல்லிய மேகத்திலும் இது நடக்கும். சிரியஸும் அகத்தியர் விண்மீனும் (கனோபஸ்) அதைத் துளைத்துக்கொண்டு தெரியும். வெப்பநிலை 2 டிகிரி இறங்கும்போதெல்லாம் மறுபடி பாருங்கள்.

அறிகுறி: கோட்டோ வேறெங்கோ போய் நிற்கிறது

நேர மண்டலம் +5 என்று இருக்கிறதா? அரை மணி நேரப் பிழைக்கு வானத்தில் ஏழரை டிகிரி தள்ளும். +5:30 வேண்டும். சில ஹேண்ட் கன்ட்ரோலர்கள் தேதியில் மாதத்தை முதலில் கேட்கும். பெங்களூருக்கு 12 டிகிரி 58 நிமிடம் வடக்கு, 77 டிகிரி 36 நிமிடம் கிழக்கு. மேற்கு என்று மாறியிருந்தால் டெலஸ்கோப் தரையைப் பார்க்கும். எல்லாம் சரியாக இருந்தும் பிளேட் சால்விங் (படத்திலுள்ள விண்மீன்களை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பது) தோற்றால், ஃபோகல் லெங்த் எண்ணைச் சரிபார்த்து, எக்ஸ்போஷரை 8–10 நொடியாக்குங்கள். மேகத்தின் ஊடே 2 நொடியில் போதுமான விண்மீன் கிடைக்காது.

அறிகுறி: துருவ விண்மீன் தெரியவில்லை, அல்லது மவுண்ட் அந்த அளவு தாழவில்லை

வெளிநாட்டுக் காணொளிகளில் துருவ விண்மீன் தலைக்கு மேலே பாதி உயரத்தில் நிற்கும். நமக்கு அது அடிவானத்திலிருந்து 13 டிகிரி: எதிர் அபார்ட்மென்டின் தண்ணீர்த் தொட்டி, தூசி, புகை எல்லாவற்றுக்கும் பின்னால். அதைத் தேடி இரவைக் கழிக்காதீர்கள். நினாவில் உள்ள மூன்று புள்ளி போலார் அலைன்மென்ட் (மவுண்டின் அச்சைத் துருவத்துக்கு நேராக்குவது) வானத்தின் எந்தத் திறந்த பகுதியிலும் வேலை செய்யும். பத்து நிமிட மேக இடைவெளி போதும்.

கணினி இல்லையென்றால், விண்மீன் நழுவும் திசையை வைத்துத் திருத்தும் டிரிஃப்ட் முறை. தெற்கே, வான நடுக்கோட்டுக்கு அருகில் உச்சம் தொடும் ஒரு விண்மீனைப் பாருங்கள். அது தெற்கே நழுவினால் மவுண்டின் அச்சு கிழக்கே திரும்பியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. அடுத்து கிழக்கில் உள்ள விண்மீன். தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது.

சில மவுண்டுகள் 15 அல்லது 20 டிகிரிக்குக் கீழே இறங்காது. வாங்குமுன் பார்க்க வேண்டியது அது. வாங்கியாகிவிட்டது என்றால் ட்ரைபாடையே வடக்குப் பக்கம் சாய்க்கலாம். வடக்குக் காலுக்கும் மற்ற இரண்டு கால்களை இணைக்கும் கோட்டுக்கும் 70 செ.மீ. இடைவெளி என்றால், 7 டிகிரி சாய்வுக்கு வடக்குக் காலை எட்டரை செ.மீ. குறைக்க வேண்டும். எடை முன்னால் போவதால் பின்கால்களில் மணல் பை தொங்கவிடுங்கள். மட்டம் இல்லாவிட்டாலும் போலார் அலைன்மென்ட் கெடாது. இன்னொன்று: இந்தத் தாழ்ந்த கோணத்தில் கவுண்டர்வெயிட் ட்ரைபாட் காலில் இடிக்கும். காலைத் திருப்பி வைத்துப் பாருங்கள். போதாவிட்டால் 15–20 செ.மீ. உயரக் குழாய் ஒன்றை இடையில் போட வேண்டும். தலைக்கு நேர்மேலே போகும் பொருள்களில் (கன்னி ராசியில் உள்ள எம்87 அப்படித்தான்) கேமராவும் காலில் முட்டும். பகலிலேயே மவுண்டைக் கையால் சுற்றி எங்கே இடிக்கிறது என்று பாருங்கள்.

அறிகுறி: விண்மீன்கள் நீள்கின்றன

எல்லா விண்மீனும் ஒரே திசையில் நீள்கிறதா, மூலைகளில் மட்டுமா, படத்துக்குப் படம் திசை மாறுகிறதா என்று முதலில் பிரியுங்கள்.

ஒரே திசை என்றால் மவுண்ட். அது எந்த அச்சு என்று தெரிய, பத்து நொடி எக்ஸ்போஷருக்கு நடுவில் கிழக்குப் பொத்தானை மெதுவான வேகத்தில் அழுத்துங்கள். விழும் கோடு கிழக்கு மேற்கு. நீட்டம் அதோடு ஒத்துப்போனால் சுழற்சிப் பிழை (மவுண்டின் பற்சக்கரப் பிழை), எடைச் சமநிலை. குறுக்காக இருந்தால் போலார் அலைன்மென்ட். கைடிங் கோடு அழகாக இருந்தும் விண்மீன் நழுவினால், கைடு ஸ்கோப்பின் பிடி தளர்ந்து தனியாகச் சாய்கிறது.

நான்கு மூலைகளிலும் என்றால் ஃப்ளாட்னருக்கும் (மூலை விண்மீன்களைச் சரிசெய்யும் லென்ஸ்) சென்சருக்கும் உள்ள தூரம். வழக்கமான அளவு 55 மி.மீ. மையத்தை நோக்கி நீண்டால் தூரம் குறைவு, அரை மி.மீ. வளையமாகக் கூட்டிப் பாருங்கள். மையத்தைச் சுற்றி வட்டமாக நீண்டால் அதிகம், குறையுங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் கேமரா சாய்ந்திருக்கிறது, அல்லது நியூட்டோனியன் பள்ளம் மேடு ரோட்டில் வந்ததில் கண்ணாடி நகர்ந்திருக்கிறது. ஸ்க்ரூ டிரைவருக்கு வேலை வருவது இந்த இடத்தில்தான்.

திசை மாறிக்கொண்டே இருந்தால் காற்று, அல்லது மாடி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். பனிக்காக மாட்டிய முன்மூடி பாய்மரம் மாதிரி வேலை செய்யும். ட்ரைபாட் கால்களை முழுக்கக் குறுக்கி, கைப்பிடிச் சுவரின் மறைவில் வைத்து, எக்ஸ்போஷரை 15 நொடிக்கு இறக்குங்கள். கான்கிரீட் மாடி நடை அதிர்வைக் கடத்தும், தண்ணீர் மோட்டார் ஓடினால் இன்னும் மோசம். பகல் சூட்டை வைத்திருக்கும் தொட்டிச் சுவருக்கும் ஏசி வெளி யூனிட்டுக்கும் மேலே உள்ள வானத்தை விட்டுவிடுங்கள்.

கைடிங் எண்ணைப் பார்த்துப் பயப்படுவோருக்கு ஒரு கணக்கு: பிக்சல் அளவை 206 ஆல் பெருக்கி ஃபோகல் லெங்தால் வகுங்கள். 3.76 மைக்ரான், 400 மி.மீ. என்றால் பிக்சலுக்கு 1.9 வில்நொடி. கைடிங் பிழை 1 வில்நொடி இருந்தால் விண்மீன் வட்டமாகத்தான் வரும்.

அறிகுறி: மவுண்ட் திடீரென நிற்கிறது, யுஎஸ்பி அறுந்து அறுந்து வருகிறது

ஹீட்டரும் குளிரூட்டலும் சேர்ந்து ஓடும்போது நின்றால் வோல்டேஜ் இறங்குகிறது. அரை சதுர மி.மீ. வயரை 5 மீட்டர் இழுத்து 4 ஆம்பியர் எடுத்தால் 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் அடாப்டர் மவுண்டில் 10.6 ஆகத் தெரியும். தடித்த வயர் போடுங்கள், மவுண்டுக்குத் தனி லைன் கொடுங்கள். 20 ஆம்பியர் மணி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி இந்தச் சுமையை நாலைந்து மணி நேரம் தாங்கும், கரண்ட் போனாலும் கவலையில்லை.

அறிகுறி: படங்களைச் சேர்த்து ஸ்டாக் செய்ததும் படம் முழுக்கப் பழுப்பு வெளிச்சம்

ஊர் வெளிச்சம். ஹைட்ரஜன் ஆல்ஃபா 656.3, ஆக்சிஜன் 500.7 நானோமீட்டர் இரண்டை மட்டும் விடும் டூயல் பேண்ட் ஃபில்டர் நெபுலாக்களுக்கு நன்றாக வேலை செய்யும்: ஓரியனில் எம்42, ரோசெட், மே மாதத்தில் எம்8. ஃபில்டர் போட்டால் வானம் இருண்டுவிடும், ஆகவே மேலே சொன்ன 30 நொடி போதாது, 120 ஆக்குங்கள். கேலக்ஸிக்கு இந்த ஃபில்டர் வீண், அவற்றின் ஒளி எல்லா நிறத்திலும் பரவியது. அதற்கு ஊரை விட்டுப் போவதே வழி. வடக்கே இருப்பவர்களுக்கு வாய்க்காத ஒரு சலுகை நமக்கு உண்டு: மார்ச், ஏப்ரலில் தெற்கே 17 டிகிரி உயரம் ஏறும் கரீனா நெபுலா. தெற்கு அடிவானம் திறந்த மாடி கிடைத்தால் விடாதீர்கள்.

அறிகுறி: மழை தொட்டுவிட்டது

இடி கேட்டால் படத்தை மறந்து, வயரைப் பிடுங்கி, கீழே இறங்குங்கள். தூறல் மட்டும் என்றால் பெரிய பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக் கட்டலாம். மவுண்டைப் பிரிக்காவிட்டால் அலைன்மென்ட் கெடாது. மேகம் விலகியதும் வானம் கழுவிவிட்டாற்போல இருக்கும், ஆனால் பனி இரட்டிப்பாகும். ஹீட்டரை அப்போதே போடுங்கள்.

நனைந்த டெலஸ்கோப்பை மூடி போட்டுப் பெட்டியில் வைப்பதுதான் இந்த ஊரில் செய்யக்கூடிய பெரிய தப்பு. சில வாரங்களில் பூஞ்சை சிலந்திவலை மாதிரி லென்ஸில் படரும், கோட்டிங்கையும் அரித்துவிடும். வீட்டுக்குள் கொண்டுவந்து, மூடி திறந்து, லென்ஸைக் கீழ்நோக்கிச் சாய்த்து, மின்விசிறிக் காற்றில் இரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு ரப்பர் விளிம்புள்ள பெட்டியில் அரை கிலோ ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பச்சையாக மாறியதும் ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வாட்டினால் மறுபடி ஆரஞ்சாகும். ஜூலையில் இதை அடிக்கடி செய்ய வேண்டிவரும்.